ஐம்பதா, எண்பத்தைந்தா? சென்னை வீட்டு ஜன்னலோரம் போர்ட்ரெயிட் பழகுகிறவர்களுக்கு

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுப் போர்ட்ரெயிட் பக்கம் திரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். 85 மி.மீ. லென்ஸ் வாங்கிவிடலாமா, 50 போதுமா? (மி.மீ. எண் கூடக்கூட லென்ஸ் தூரத்தை நெருக்கிக் காட்டும்.) படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா, சும்மா கிடைக்கும் மென்பொருள் ஏதாவது போதுமா?

இரண்டையும் பணக்கணக்காகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன். பழகும் காலத்தில் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் வீணாகத்தான் போகும். வீணான படம் எதனால் வீணானது என்று எந்தப் பொருள் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறதோ, அதை முதலில் வாங்க வேண்டும். அழகான படம் தரும் பொருளுக்கு இரண்டாம் இடம். லென்ஸ், ஃபோகஸ் முறை, படம் எடுக்கும் இடம், எடிட்டிங் எல்லாவற்றையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

கேனான் 1500டி, 200டி மார்க் 2, நிக்கான் டி3500, டி5600 போன்ற சிறிய சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு) கேமரா வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம் ஊரில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களிடம் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான்.

லென்ஸ்: ஹாலை அளந்துவிட்டு முடிவெடுங்கள்

சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழு ஃப்ரேம் சென்சார் கணக்கில் நிக்கானில் 75, கேனானில் 80 போல நடந்துகொள்ளும். அதாவது, பழைய ஆட்கள் 'போர்ட்ரெயிட் லென்ஸ்' என்று சொன்ன வீச்சுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. 85ஐப் போட்டால் நிக்கானில் 127, கேனானில் 136. அது டெலிஃபோட்டோ, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் வகை.

இதன் விளைவு வீட்டுக்குள்தான் தெரியும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இடுப்புக்கு மேல் எடுக்க 50 மி.மீ.யில் சுமார் 2.3 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 85இல் அதே படத்துக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர் வேண்டும். ஆள் முழுதாகத் தெரிய 50இல் நாலரை மீட்டர், 85இல் ஏழரை மீட்டருக்கும் மேல். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலின் நீளமே மூன்றரை மீட்டர் சொச்சம்தான். அதிலும் சோபா, டீவி ஸ்டாண்டு, இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிமூட்டை. வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் 85ஐ மாட்டினால் முகத்தையும் தோளையும் மட்டும்தான் எடுக்க முடியும், அதுவும் முதுகு சுவரில் ஒட்டியபடி.

கிட்டப் போகவும் அது விடாது. கேனான் 85 எஃப் 1.8 (எஃப் எண் லென்ஸின் துளையளவு, எண் குறைந்தால் துளை பெரிது) லென்ஸுக்குக் குறைந்தது 85 செ.மீ. தூரம் வேண்டும். அதே கம்பெனியின் 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் 35 செ.மீ. வரை நெருங்கும். மருதாணிக் கையையோ ஜிமிக்கியையோ எடுக்க நினைத்தால் இந்த வித்தியாசம் உடனே உறைக்கும்.

பின்னணி மங்குவதில் 85 ஜெயிக்கும், மறுப்பதற்கில்லை. பின்னால் இருக்கும் மரமும் விளக்கும் பெரிதாகி, கரைந்து தெரியும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முகம் ஃப்ரேமில் ஒரே அளவில் தெரியும்படி தூரத்தைச் சரிசெய்துகொண்டால், எஃப் 1.8இல் இரண்டு லென்ஸிலும் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். 50இல் ஒன்றரை மீட்டரில் நின்றாலும் 85இல் இரண்டரை மீட்டரில் நின்றாலும் சுமார் 6 செ.மீ. எனவே 85 ஃபோகஸை எளிதாக்காது, கடினமாக்கவும் செய்யாது. கை நடுக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். பழகுகிறவருக்கு அது வேண்டாத குழப்பம், படம் கெட்டதற்குக் காரணம் ஃபோகஸா கையா என்றே புரியாது.

கிட் லென்ஸை நான் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். 55 மி.மீ., எஃப் 5.6இல் ஆழம் 19 செ.மீ. வரை கிடைக்கும், மூக்கு நுனியிலிருந்து காது தாண்டிக் கூர்மை. நல்ல வெளிச்சத்தில் முகபாவத்தைப் பழக அது போதும். ஆனால் ஃபோகஸ் பழக அது உதவாது, தப்பை மறைத்துவிடும். கண்ணுக்குப் பதில் காதில் பிடித்திருந்தாலும் படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

எனவே 50. நிக்கான்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும் 50 எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் திருகவேண்டும். ஜி என்று முடியும் 2011ஆம் ஆண்டு மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபோகஸ்: கேமரா தேடட்டுமா, நீங்கள் காட்டுவீர்களா

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கையில் இருக்கும் வழிகள் நான்கு: ஃபோகஸ் பிடிக்கும் எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டுக் கேமராவையே தேடச் சொல்வது, நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃப்ரேமை அமைப்பது, கண்ணுக்கு நேரே இருக்கும் புள்ளியை நாமே தேர்ந்தெடுப்பது, கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் கேமராவிடம் விட்டுவிடுவது.

முதல் வழி போர்ட்ரெயிட்டுக்கு ஆகாது. வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக எடுக்கும்போது இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதையும் வெளிச்சம்-இருட்டு மாறுபாடு அதிகமுள்ளதையும்தான் பிடிக்கும். கன்னத்தில் வைத்த கை, தோளில் வழியும் மல்லிகைச் சரம், கண்ணாடியின் விளிம்பு எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. ஜரிகை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது வழிக்கு இன்றும் நிறைய விசுவாசிகள் இருக்கிறார்கள். காரணம் நியாயமானதே. 1500டியில் மொத்தமே ஒன்பது புள்ளிகள், அதில் நடுவில் இருப்பது மட்டும்தான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கும் கிராஸ் வகை. மங்கலான அறையில் மற்ற புள்ளிகள் திணறும்போது நடுப்புள்ளி பிடித்துவிடும். ஆனால் கேமராவைத் திருப்பும்போது கூர்மைத் தளமும் சேர்ந்து திரும்புகிறது. ஒன்றரை மீட்டரில் நின்று பத்து டிகிரி திருப்பினால் அது கண்ணைத் தாண்டி 2 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். எஃப் 1.8இல் கண்ணுக்குப் பின்னால் உங்களுக்கு இருக்கும் இடமே 3 செ.மீ.தான். மிச்சத்தை உங்கள் மூச்சும் எதிரே இருப்பவரின் அசைவும் தின்றுவிடும். நாலைந்து டிகிரிதான் திருப்புகிறீர்கள் என்றால் பிழை அரை செ.மீ. அளவுதான் வரும், கவலைப்பட வேண்டாம்.

மூன்றாவது வழி மெதுவானது. புள்ளியை நகர்த்துவதற்குள் குழந்தை எழுந்து ஓடிவிடும். இருந்தும் பழகும் முதல் சில மாதங்களுக்கு இதையே சொல்கிறேன், காரணம் எடிட்டிங்கில் இருக்கிறது. கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ இரண்டும் அந்தந்தக் கம்பெனிகள் இலவசமாகவே தருபவை. எந்தப் புள்ளியில் ஃபோகஸ் பிடிக்கப்பட்டது என்பதைப் படத்தின் மேலேயே அவை காட்டும். புள்ளி கண்ணில் இருந்தும் காது கூர்மையாக இருந்தால், ஷட்டரை அழுத்துவதற்குள் யாரோ ஒருவர் அசைந்திருக்கிறார், அல்லது லென்ஸிலேயே கோளாறு. புள்ளி புருவத்திலோ முடியிலோ இருந்தால் தேர்வு தப்பு. ஆனால் ஃபோகஸ் பிடித்தபின் கேமராவைத் திருப்பியிருந்தால் இந்தப் புள்ளி பொய் சொல்லும். அது ஃப்ரேமில் புள்ளி இருந்த இடத்தைத்தான் காட்டுமே தவிர, முதலில் நீங்கள் பிடித்த இடத்தை அல்ல. திருப்பித் திருப்பி எடுக்கிறவருக்குத் தன் பிழையைப் படிக்க வழியே இல்லாமல் போகிறது.

நான்காவது வழி, கண் கண்டறிதல். சோனி ஏ6400, கேனான் ஆர்50 போன்ற மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்களில் இது அருமையாக வேலை செய்கிறது. 200டி மார்க் 2இலும் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது) உண்டு. வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் கிடையாது, வாங்கிய பலருக்கு இது தெரிவதில்லை. "இதெல்லாம் சோம்பேறி வேலை" என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் பத்தியம் கிடையாது. உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் போடுங்கள், ஃபோகஸ் கவலை தீர்ந்து வெளிச்சத்தையும் முகத்தையும் பார்க்க நேரம் கிடைக்கும். தடித்த கண்ணாடி போட்டவர்களிடமும் முடி கண்ணில் விழும்போதும் எந்தக் கண்ணைப் பிடித்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள், தூரத்துக் கண்ணுக்குத் தாவியிருக்கலாம். முகம் சாய்ந்திருந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்தான் கூர்மையாக வேண்டும். புதிதாகக் கேமரா வாங்கப் போகிறவர் மிரர்லெஸ்ஸே வாங்கட்டும். கையில் 1500டி, டி3500 போன்ற டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே ஆடி உள்ள கேமரா) இருக்கிறவர் இதற்காக அதை விற்க வேண்டியதில்லை.

துளையளவு பற்றியும் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லென்ஸ் வாங்கிவிட்டோமே என்று எல்லாப் படத்தையும் 1.8இல் எடுப்பது ஒரு நோய். முகத்தை நாற்பத்தைந்து டிகிரி திருப்பியவரின் இரு கண்களுக்கும் இடையே முன்பின்னாகவே நாலரை செ.மீ. வித்தியாசம் வந்துவிடும், 1.8இல் ஒரு கண் மங்கித்தான் தீரும். 2.8க்கு வந்தால் ஆழம் ஒன்பதரை செ.மீ. ஆகிறது, 4இல் கிட்டத்தட்ட 14. பழக 2.8தான் சரியான நடுவழி. தப்புச் செய்தால் தெரியும், எல்லாப் படத்தையும் கொல்லாது. ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த கண்ணை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

மங்கலான படத்தை நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். காலரோ காதோ எங்கோ ஓரிடம் கூர்மையாக இருக்கிறதா? அப்படியானால் ஃபோகஸ் தவறியது. எதுவுமே கூர்மையில்லாமல் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா? கை ஆடியது. நாற்காலி கூர்மை, அதில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் இழுபட்டிருக்கிறாரா? அவர் அசைந்தார், ஷட்டர் வேகம் போதவில்லை.

லென்ஸ் மேலேயே சந்தேகம் வந்தால் வீட்டு மேசையில் சோதிக்கலாம். எழுத்துள்ள மூன்று டப்பாக்களைப் பத்துப் பத்து செ.மீ. இடைவெளியில் சாய்வாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வைத்து, முக்காலியில் (ட்ரைபாட்) கேமராவை நிறுத்தி, நடு டப்பாவில் ஃபோகஸ் பிடியுங்கள். வியூஃபைண்டரில் சில, லைவ் வியூவில் சில. லைவ் வியூவில் நேராக சென்சாரையே பார்த்துக் கேமரா பிடிப்பதால் அது சரியாக வரும். வியூஃபைண்டரில் மட்டும் தொடர்ந்து முன் டப்பாவோ பின் டப்பாவோ கூர்மையானால் குற்றவாளி நீங்கள் இல்லை. 1500டியிலும் டி3500, டி5600இலும் இதை மெனுவில் திருத்தும் வசதி கிடையாது. லைவ் வியூவில் எடுங்கள், அல்லது சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

எங்கே பழகுவது

மெரினாவும் பெசன்ட் நகரும்தான் எல்லோர் நினைவிலும் வரும். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலை முதுகுக்கு வைத்து ஆளை நிறுத்தினால் வெளிச்சம் பின்னாலிருந்து வரும், முகம் இருண்டுவிடும். கடலைப் பார்க்கச் சொன்னால் முகத்தில் பொன்வெளிச்சம், கூடவே சுருங்கிய கண். அந்த வெளிச்சமும் நீடிப்பதில்லை. பதின்மூன்றாவது அட்சரேகையில் இருக்கும் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது, எட்டு மணிக்கெல்லாம் கண்குழியில் நிழல் விழத் தொடங்கிவிடும். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது, அந்த நேரத்தில் வெளியே போர்ட்ரெயிட் நினைப்பே வேண்டாம். என் ஓட்டு கடற்கரையில் மாலைக்குத்தான். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியபிறகு வானம் முழுக்க ஒரே மென்மையான விளக்காகிவிடும், எந்தப் பக்கம் நின்றாலும் முகம் தப்பிக்கும். காற்றில் முடி பறப்பதும் லென்ஸில் உப்புப் படிவதும் தனிக்கதை.

மயிலாப்பூர் மாட வீதிகள் அழகு. ஆனால் அங்கே ஃபோகஸ் பழக முடியாது. பூக்கார அக்காவிடம் "எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்டு, அவர் தலையாட்டி, சிரிப்பு வரும் அந்தச் சில நொடிகளில் புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்க முடியுமா? கை பழகிய பிறகு போக வேண்டிய இடம் அது.

குழுவாகப் போவதும் ஒரு வழி. ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் 1857இல் தொடங்கியது. 2016 முதல் சென்னை ஃபோட்டோ பியனாலே என்ற புகைப்படத் திருவிழா நடக்கிறது. வார இறுதி ஃபோட்டோ வாக்குகளும் நடக்கின்றன. நான்கு பேர் பார்த்துக் குறை சொல்லும் இடம் வேண்டுமென்றால் இந்த ஊரில் பஞ்சமில்லை. பணம் கட்டி மாடலை வைத்து எடுக்கும் பட்டறைகளை மட்டும் தொடக்கத்தில் தவிர்க்கலாம். ஒரு மாடலைச் சுற்றிப் பத்துக் கேமரா, லைட்டிங் எல்லாம் வேறொருவர் செய்துவைத்தது. வீட்டுக்குக் கொண்டுவரும் படம் பிரமாதமாக இருக்கும், ஆனால் அதில் நம் கைவேலை எவ்வளவு என்று நமக்கே தெரியாது.

எனவே ஜன்னலுக்கே வருவோம். வடக்கு பார்த்த ஜன்னல் என்றால் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் வராது. அதன் பக்கத்தில் அம்மாவையோ அத்தையையோ காய் நறுக்கச் சொல்லி உட்கார வையுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் பொறுமை இருக்காது, அது போதும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி வேறு நிறம் என்று வரும், அதை எடிட்டிங்கில் பிரித்துத் திருத்துவது பெரிய பாடு. சுவருக்குப் பச்சை அடித்திருந்தால் கன்னத்தில் பச்சை ஏறும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால் நிழல்பக்கம் எழும்பும், ரிஃப்ளெக்டர் வாங்கும் செலவும் மிச்சம். வேட்டியோ வெள்ளைச் சுவரோ ஃப்ரேமில் நிறைய வந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்ற வெளிச்சத் திருத்தத்தை ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) அளவுக்குக் கூட்டுங்கள்.

எடிட்டிங்: பணமா, நேரமா

படம் பொறுக்குவதற்குக் கம்பெனி மென்பொருள் என்று முன்பே சொல்லிவிட்டேன். அதிலேயே ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) திறந்து வெளிச்சம், நிறம் திருத்தி ஜேபெக் எடுக்கலாம். கேமரா திரையில் பார்த்த நிறம் அப்படியே கிடைக்கும். முகத்தை மட்டும் தனியாகத் தொட வேண்டும் என்கிறபோது அது போதாது, அப்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது.

டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செய்ய முடியாத வேலை குறைவு. ஆனால் முதல் நாள் மிரட்டிவிடும். ரா கோப்பு வெளிறிப்போய்த் திறக்கும், பட்டியலில் நீளநீளமாக மாட்யூல்கள் நிற்கும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று மாறும். வாரத்தில் ஒரு மாலை அதற்கென்றே ஒதுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பது அதில் தெளிவாகப் புரியும். லைட்ரூமில் 2022இல் வந்த வசதி ஆளைக் கண்டுபிடித்து தோல், கண், உதடு, பல் என்று தானே பிரித்துத் தருகிறது. டார்க்டேபிளில் அரை மணி ஆகும் வேலை அங்கே சில நிமிஷம். சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் க்ளாஸிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ஆனால் படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். மாதம் ஒரு கல்யாணம், சீமந்தம் என்று சொந்தக்காரர்கள் கூப்பிட்டு நூற்றுக்கணக்கில் படம் சேருகிறவருக்கு அந்தச் சந்தா நியாயமே. ஞாயிற்றுக்கிழமை பத்துப் படம் எடுப்பவருக்கு வீண். செல்போன் செயலியான ஸ்னாப்ஸீட் வாட்ஸ்அப்பில் உடனே அனுப்ப நல்லது, அதோடு சரி.

எதை வைத்திருந்தாலும் தோல் விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். நம் தோலின் நிறம் மென்பொருளில் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டையில் விழுகிறது. ஆரஞ்சின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் பிரகாசம்) கூட்டினால் ஆள் வெளுத்துவிடுவார். கல்யாண ஆல்பங்களில் மாநிறப் பெண்கள் எல்லாம் ஒரே கோதுமை நிறத்தில் மின்னுவது இந்த ஒற்றை ஸ்லைடரின் கைங்கரியம்தான். எனக்கு அது பிடிக்காது, படத்தில் இருப்பவரை அவமதிப்பதாகவே தோன்றுகிறது. முகம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், நிறத்தை மாற்றாதீர்கள். இரண்டும் வேறு வேலை. காசு கொடுத்து வாங்கும் பல ப்ரீசெட்டுகள் (ஒரே தட்டில் போடும் தயார் எடிட்டிங் அமைப்புகள்) வெளுத்த தோலை வைத்துச் செய்தவை, நம் முகத்தில் போட்டால் சாம்பலோ செங்கல் நிறமோ வரும்.

முகப்பருவை எடுக்கலாம், இரண்டு வாரத்தில் தானே போய்விடக்கூடியது அது. மச்சமும் அம்மைத் தழும்பும் அவர் கேட்டால் ஒழிய இருக்கட்டும். தோலை மென்மையாக்க டெக்ஸ்ச்சர் ஸ்லைடரைப் பத்து, பதினைந்து குறைத்தாலே அதிகம். ஷார்ப்பன் செய்யும்போது லைட்ரூமில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை நகர்த்தினால் எந்த இடம் கூர்மையாகப் போகிறது என்று வெள்ளையாகக் காட்டும். கண், புருவம், உதட்டோரம் மட்டும் தெரியும்வரை ஏற்றுங்கள்.

85 யாருக்கு

எஃப் 2.8இல், ஜன்னலோரத்தில், அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் கண் பெரும்பாலும் கூர்மையாக வர ஆரம்பித்துவிட்டது, வெளியில்தான் அதிகம் எடுக்கப்போகிறீர்கள், மொட்டை மாடியோ பூங்காவோ தூரமாக நிற்க இடம் தருகிறது என்றால் 85 வாங்கலாம். விலை 50ஐப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. அதனால் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து மாடியில் வைத்துப் பாருங்கள். மேடையில் ஆடும் பிள்ளைகளை, சபாவில் பாடுகிறவர்களை எடுக்கும் ஆசை இருப்பவர்கள் வரிசையைத் தாண்டி முதலிலேயே அதற்குப் போகலாம், அங்கே 50க்கு எட்டாது.

செகண்ட் ஹேண்டில் எடுத்தால் பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, சென்னைப் புழுக்கத்தில் பீரோவுக்குள் தூங்கிய லென்ஸ். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நல்லதாக வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்துப் போகும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க ஆவி பூத்துவிடும்.